ஆறாவது கையெழுத்து

அபிராமபுரம்,
16.4.2023

சிரஞ்சீவி பரத்வாஜுக்கு அண்ணாவின் ஆசீர்வாதம்.

நானும் உன் மன்னி ஜலஜாவும் சௌக்கியம். அமெரிக்காவில் நீயும் அனன்யாவும் உன் ஆத்தில் எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுவது எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது. எழுதினால் நிதானமாக எழுதலாம், நீயும் நிதானமாகப் படிக்கலாம். நான் கையால் எழுதுவேன், ஜலஜா அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். நீ எழுதுவதைப் பிரிண்ட் எடுத்து என்னிடம் கொடுப்பாள். அவளுக்கும் ஒரு வேலை ஆயிற்று.

விஷயம் இதுதான். எலக்ட்ரிக் கார் ஒன்றுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். சிரிக்காதே. போன டிசம்பரில் கச்சேரி கேட்க வந்தவன், பாட்டைக் கேட்டதைவிட உன் ஊர் எலக்ட்ரிக் காரின் பெருமையைப் பேசியதுதான் அதிகம். "சத்தம் கிடையாது, புகை கிடையாது, பெட்ரோல் பங்க்ல நிக்க வேண்டாம்ணா" என்று உயிரை எடுத்தாய். அப்போது காதில் வாங்காததுபோல் இருந்தேன். வாங்கித்தான் இருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

வண்டி ஜூனில் வந்துவிடும். அதற்குள் கீழே கார் நிறுத்தும் இடத்தில் சார்ஜ் போட ஒரு லைன் இழுக்க வேண்டும். மீட்டர் பெட்டிகள் வாசல் பக்கம் இருக்கின்றன. என் இடமோ கடைசி. நடுவில் உன் இடம். உன் காருக்குப் பின்னால் சுவரோடு ஒயர் வர வேண்டும், அவ்வளவுதான். உன் காரை ஒரு முழம் முன்னால் தள்ளி நிறுத்தினால் போதும்.

அசோசியேஷன் செக்ரட்டரி சுப்புராயனிடம் கேட்டேன். இரண்டாம் மாடிக்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் எதற்கும் சட்டம் பேசுவார். "ஆறு பேரும் கையெழுத்துப் போட்டா எனக்கு ஒண்ணும் இல்ல சார். நீங்க எழுதின சட்டம்தானே" என்றார். உண்மைதான். அப்பாவின் வீட்டை இடித்து ஆறு பிளாட் கட்டியபோது, ஒருவர் கையெழுத்துக் குறைந்தாலும் இந்தக் கட்டிடத்தில் எதுவும் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கியவன் நான். நீ ஊரில் இல்லாதவன், உன்னைக் கேட்காமல் யாரும் எதையும் செய்துவிடக் கூடாதே என்றுதான். ஆகவே உன் கையெழுத்தை அனுப்பி வை.

உன் கார் நன்றாக இருக்கிறது. நீ சொன்னபடி வாட்ச்மேன் ஏழுமலை ஞாயிறு காலையில் அரை மணி நேரம் இன்ஜினை ஓட விடுகிறான்.

அன்புள்ள அண்ணா,
ஸ்ரீனிவாசராகவன்


நியூஜெர்சி,
9.5.2023

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம்.

இங்கே எல்லாரும் நலம். குளிர் போய்விட்டது. உங்கள் கடிதத்தை அனன்யாவுக்குப் படித்துக் காட்டினேன். தமிழ் பாதி புரிந்தது, கார் விஷயம் முழுக்கப் புரிந்தது. பெரியப்பா சூப்பர் என்கிறாள்.

அண்ணா, நீங்கள் எடுத்தது சரியான முடிவு. எலக்ட்ரிக் காருக்குப் பழகிவிட்டால் பெட்ரோல் வண்டி பக்கத்தில் நிற்கவே முடியாது, அந்த நாற்றத்தில் தலை வலிக்கும். ராத்திரி கராஜில் செருகிவிட்டுத் தூங்கப் போகிறேன், காலையில் ஃபுல். நூறு சதவீதம் வரை சார்ஜ் போடாதீர்கள், எண்பதோடு நிறுத்துங்கள். வெயிலில் நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் வண்டி வந்ததும் சொல்கிறேன்.

கையெழுத்து விஷயம். போடுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இங்கே என் வக்கீல் நண்பர் ஒருவர், என் இடத்தின் வழியாக லைன் போவதால் நாளைக்கு ஏதாவது தீப்பிடித்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்கிறார். எலக்ட்ரீஷியன் ஒரு டிராயிங் போட்டு அனுப்பட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். காரை நகர்த்துவதுதான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. இப்போது ஒரு முழம் என்பார்கள், அடுத்த வருஷம் அது எல்லாருக்கும் பொது இடம் ஆகிவிடும். அபார்ட்மென்ட்டில் எப்படி என்று உங்களுக்குத் தெரியாததா?

ஏழுமலை அரை மணி ஓட விடுகிறானா, இல்லை பத்து நிமிஷத்தில் அணைத்துவிடுகிறானா? கொஞ்சம் கவனியுங்கள்.

உங்கள்
பரத்வாஜ்


அபிராமபுரம்,
20.5.2023

சிரஞ்சீவி பரத்வாஜுக்கு மன்னி எழுதுவது. எல்லாரும் சௌக்கியம்தானே?

இது நானாக எழுதுவது. அண்ணாவுக்குத் தெரியாது. பதிலை என் போனுக்கு மட்டும் அனுப்பு.

அண்ணாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. பேசத்தான் முடியவில்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்குகிறது. அது உனக்குத் தெரியக் கூடாதென்றுதான் கடிதம். நுரையீரல் உள்ளுக்குள் தடித்துக்கொண்டே வருகிறதாம். ராயப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டுகிறோம். போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறார். முதலில் சொன்னது புகை ஆகாது என்பதுதான்.

எங்கள் படுக்கையறை ஜன்னல் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்து இருப்பது உனக்குத் தெரியும். காலையில் எட்டு மணிக்கு ஒவ்வொருத்தராக வண்டியை எடுப்பார்கள். ஏ.சி. போட்டுக்கொண்டு, போனில் பேசி முடித்துவிட்டுத்தான் நகர்வார்கள். அத்தனை புகையும் உள்ளேதான் வரும். ஜன்னலை மூடினால் அவருக்கு இன்னும் மூச்சு முட்டுகிறது. வேறு வீடு பார்க்கலாம் என்றால், அப்பா இருந்த மண்ணை விட்டு வர மாட்டேன் என்கிறார்.

அவர் எலக்ட்ரிக் கார் வாங்குவது ஆசைக்காக இல்லை. முதல் மாடி ஷ்ரவண் போன வருஷம், "மாமா, இங்க சார்ஜிங் மட்டும் இருந்தா என் அடுத்த வண்டி எலக்ட்ரிக்தான்" என்றான். மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். யாராவது முதலில் வாங்கட்டும் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். சரி, அந்த முதல் ஆள் நானாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். ஒருத்தன் மாறினால் இன்னொருத்தன் மாறுவான், நாலைந்து வருஷத்தில் ஜன்னலில் புகை இருக்காது என்று கணக்கு. அவருக்கு அத்தனை வருஷம் இருக்கிறதா என்று நான் டாக்டரைக் கேட்கவில்லை.

உன் வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலையில் அரை மணி நேரம் அது ஜன்னலுக்கு நேரே நின்று ஓடுகிறது. அன்றைக்கெல்லாம் இருமல். ஏழுமலையிடம் வேண்டாம் என்று சொல்கிறேன் என்றால் அண்ணா விடவில்லை. "வருஷத்துக்கு ஒரு தடவை வரான். வந்து சாவியைப் போட்டா வண்டி கிளம்பலேன்னா, இந்த ஆத்துல தனக்கு இடமே இல்லேன்னு அவனுக்குத் தோணிடும். ஓடிண்டு இருக்கட்டும் விடு" என்கிறார்.

நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஞாயிறு ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி நீயே ஏழுமலைக்குப் பேசு. கையெழுத்தை அனுப்பு.

ஆசீர்வாதத்துடன்,
மன்னி


அபிராமபுரம்,
2.7.2023

சிரஞ்சீவி பரத்வாஜுக்கு ஆசீர்வாதம். இங்கே க்ஷேமம். உங்கள் க்ஷேமத்துக்கு எழுது.

வண்டி வந்துவிட்டது. கபாலி கோவில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். நசுங்கும் சத்தம்தான் கேட்டது, வண்டிச் சத்தம் கேட்கவில்லை. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, "இன்னாம்மா, தள்ளிக்கினு வந்தீங்களா?" என்று ஜலஜாவைக் கேட்டாள். அவள்தான் ஓட்டுகிறாள். நான் பக்கத்தில் ஜமீன்தார்.

முதல் வாரம் படுக்கையறை பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக ஒயரை விட்டுச் சார்ஜ் போட்டேன். எங்கேயோ ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பற்றி எரிந்த வீடியோவை யாரோ அசோசியேஷன் குரூப்பில் போட, அன்று மாலையே சுப்புராயன் வந்துவிட்டார். "நான் ஒண்ணும் உங்களுக்கு எதிரி இல்ல சார். மேல குழந்தைங்க இருக்கு" என்றார். ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

இப்போது தி.நகரில் ஒரு துணிக்கடைக்குக் கீழே போய்ச் சார்ஜ் போடுகிறோம். இருக்கிறது ஒன்றே ஒன்று. மெட்ரோ வேலைக்கு ரோட்டையெல்லாம் மறித்து வைத்திருப்பதால் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். போன செவ்வாய் போனால், சார்ஜ் போடும் இடத்தில் ஒரு பெட்ரோல் கார் நிற்கிறது. டிரைவர் உள்ளே கால் நீட்டித் தூங்குகிறான். எழுப்பிச் சொன்னேன். "காலியா கீதுன்னு வுட்டேன் சார். ஓனரம்மா மேல புடவை எடுத்துக்கினு கீறாங்க. நான் வண்டிய எடுத்துட்டா அவங்க என்னைத் தேடுவாங்க" என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான். ஓனரம்மா கல்யாணப் புடவை எடுத்து முடிக்கும் வரை நின்றோம். அப்புறம் எங்கள் முறை. வீட்டுக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. நான் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. வெயில்தான் காரணம், வேறொன்றுமில்லை.

ஷ்ரவண் தினம் கேட்கிறான், எப்படி இருக்கிறது மாமா என்று. பிரமாதம் என்கிறேன்.

எலக்ட்ரீஷியன் போட்ட டிராயிங்கை ஜலஜா மே மாதமே அனுப்பினாளே, கிடைத்ததா?

அண்ணா


நியூஜெர்சி,
6.8.2023

மன்னிக்கு நமஸ்காரம்.

உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. ஆபீசில் உட்கார்ந்து அழுதேன். அண்ணா என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் என்ன அந்நியனா?

அந்த நோயைப் பற்றி நிறையப் படித்தேன். நல்ல ஏர் ப்யூரிஃபயர் ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், இந்த வாரம் வந்துவிடும். படுக்கையறையில் வையுங்கள். ஜன்னலை மூடியே வைத்துக்கொள்ளப் பழக்குங்கள். அதுதான் முக்கியம்.

ஏழுமலையிடம் பேசினேன். ஞாயிறு வேண்டாம், நீங்கள் டாக்டரிடம் போகிற நாளாகப் பார்த்து ஓட விடு என்று சொல்லியிருக்கிறேன். அடியோடு நிறுத்தினால் வண்டி பழுதாகிவிடும் மன்னி. அது ஓடுகிற நிலையில் அங்கே நிற்கிறது என்பதே எனக்கு ஒரு தைரியம். இங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் ஊர் ஊர்தானே.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. வக்கீல், நேரில் பார்க்காமல் போடாதே என்கிறார். டிசம்பர் பத்தாம் தேதி வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. நானே நின்று லைனை இழுத்துக் கொடுக்கிறேன். நாலு மாசம்தானே.

பரத்வாஜ்


அபிராமபுரம்,
15.10.2023

சிரஞ்சீவி பரத்வாஜுக்கு ஆசீர்வாதம். சௌக்கியம்தானே? இங்கே நவராத்திரி தொடங்கிவிட்டது. மன்னி ஒரு படி கொலு வைத்திருக்கிறாள்.

நீ அனுப்பிய மெஷின் வந்தது. காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, கெட்டிருந்தால் சிவப்பு விளக்கு. காலை எட்டு மணிக்குச் சிவப்பாகிறது. அதற்கு முன்னால் மூக்கால் தெரிந்துகொண்டிருந்தேன், இப்போது கண்ணாலும் தெரிகிறது. எதற்கு இதை அனுப்பினாய் என்று கேட்கப் போவதில்லை. மன்னி ஏதோ எழுதியிருக்கிறாள். எழுதியது எழுதியதுதான். அவளை ஒன்றும் சொல்லாதே, நானும் சொல்லவில்லை.

ஷ்ரவண் புது வண்டி எடுத்துவிட்டான். பெட்ரோல். பெரிய வண்டி, நம் பழைய ஹால் அளவுக்கு இருக்கிறது. ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். எலக்ட்ரிக் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே அப்பா என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "எடுக்கணும்னுதான் மாமா இருந்தேன். ஆனா உங்களைத் தினம் பாக்கறேனே. சார்ஜ் போட தி.நகர் போறீங்க, அரை நாள் போயிடறது, மாமி களைச்சு வராங்க. எங்காத்துல அவ பாத்துட்டு, வேணவே வேணாம்னுட்டா."

பரத்வாஜ், எனக்கு இது மிகவும் வலித்தது. என்னைப் பார்த்து அவன் வாங்குவான் என்றிருந்தேன். என்னைப் பார்த்துத்தான் வாங்கவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பான்.

ஸ்வீட் நன்றாக இருந்தது. டிசம்பரில் நீ வருவதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். லைன் வந்துவிட்டால் அடுத்து யாராவது வண்டி மாற்றும்போது மனசு மாறலாம்.

அண்ணா


அபிராமபுரம்,
12.12.2023

சிரஞ்சீவி பரத்வாஜுக்கு மன்னி எழுதுவது. உங்கள் எல்லாருக்கும் ஆசீர்வாதம்.

பிளைட் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாக நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. ஊர் இருந்த நிலையில் நீ வந்தும் பயனில்லை. போனில் சொல்ல முடியாமல் அன்றைக்கு வைத்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

புயலுக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்தே அண்ணாவுக்கு முடியவில்லை. உதடு நீலமாகிவிட்டது. டாக்டரைக் கூப்பிட்டால், மழை வலுப்பதற்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்றார். கீழே ஓடிப்போய் எங்கள் வண்டியை எடுத்தால், திரையில் சிவப்பு விளக்கு. சார்ஜ் இல்லை. சனிக்கிழமை தி.நகர் போயிருக்க வேண்டும். மழையென்று போகவில்லை. டாக்ஸி ஒன்றுகூட வரவில்லை. ஷ்ரவண் குடும்பத்தோடு அடையாறில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். ஆம்புலன்ஸ் கேட்டேன், வரும், ஆனால் நேரமாகும் என்றார்கள்.

அப்புறம்தான் உன் கார் ஞாபகம் வந்தது. அலமாரியிலிருந்து சாவியை எடுத்தேன். முதல் திருப்பலிலேயே கிளம்பியது. நானும் ஏழுமலையும் அண்ணாவைத் தூக்கி உட்காரவைத்தோம். லஸ் பக்கம் போக முடியவில்லை, ஆழ்வார்பேட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு ராயப்பேட்டை போய்ச் சேர்ந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் அவர் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் இங்கே கார் நிறுத்தும் இடத்தில் இடுப்பளவு தண்ணீர், நல்ல வேளை வீட்டுப் படி ஏறவில்லை. கீழே இருந்த வண்டிகள் அத்தனையும் முழுகின. எங்களுடையதும். ஆஸ்பத்திரி மேட்டில் நின்ற உன் கார் மட்டும் தப்பியது. தண்ணீர் வடிந்ததும் ராயப்பேட்டை மெக்கானிக் அப்துல் கஃபார் ஆட்களோடு வந்து, மற்றவர்கள் வண்டிகளைக் கழற்றிப் போட்டிருக்கிறார். பத்து நாளில் ஓடும் என்கிறார். எங்கள் வண்டியைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். "தெரியாத வேலையில கை வெக்க மாட்டேன்மா. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். கம்பெனிக்காரர்கள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பேட்டரி எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அண்ணா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருக்கிறோம். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மன்னி


நியூஜெர்சி,
19.12.2023

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை இங்கே எல்லாரும் படித்தோம். பெருமாள்தான் காப்பாற்றினார். மன்னி, உங்கள் தைரியம் யாருக்கும் வராது.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் வண்டியை நிறுத்தாமல் ஓட விடுங்கள், ஓட விடுங்கள் என்று நான் படுத்தி எடுத்தேனே, அது வீண் போகவில்லை. அன்றைக்கு அந்த வண்டி கிளம்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அண்ணாவுக்கு ஒரு நேரத்தில் நான் உதவியிருக்கிறேன் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

இனி அந்தக் கார் உங்களுடையது. வேறு வண்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மன்னி தினமும் கொஞ்ச தூரம் ஓட்டினால் பேட்டரியும் நன்றாக இருக்கும்.

லைன் இழுக்கிற பேச்சு இப்போதைக்கு இல்லை என்று நினைக்கிறேன். எலக்ட்ரிக் வண்டி திரும்பி வந்தால் பார்த்துக்கொள்வோம்.

அண்ணா இரண்டு வரி எழுதினால் சந்தோஷப்படுவேன்.

பரத்வாஜ்


நியூஜெர்சி,
17.2.2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். உடம்பு எப்படி இருக்கிறது? நான் எழுதி இரண்டு மாசம் ஆகிறது, உங்களிடமிருந்து பதில் இல்லை. மன்னியும் போனில் "இருக்கார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

சுப்புராயன் ஒரு மெயில் அனுப்பியிருந்தார். தண்ணீரில் முழுகிய பேட்டரி மாசக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டுக்கூட எரியுமாம். அதனால் நம் கட்டிடத்துக்குள் இனி எலக்ட்ரிக் வண்டி எதையும் நிறுத்தக் கூடாது என்று தீர்மானம் போடுகிறார்கள். ஆறு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், உங்கள் அண்ணாவைத்தான் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். எனக்கு உடனே உங்கள் ஜன்னல்தான் கண்ணில் வந்தது. அந்தப் பக்கம் வண்டி, இந்தப் பக்கம் நீங்கள் ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள். ஒரு பொறி போதாதா? அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உங்கள் நன்மைக்குத்தான் அண்ணா. தப்பாக நினைக்காதீர்கள். இங்கே நான் ஓட்டுகிறேன் என்றால் இங்கே வசதி வேறு.

அனன்யா உங்களை விசாரித்தாள்.

பரத்வாஜ்


அபிராமபுரம்,
10.3.2024

சிரஞ்சீவி பரத்வாஜுக்கு ஆசீர்வாதம். அனன்யாவுக்கும் சொல்.

கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். கை கெட்டியாகத்தான் இருக்கிறது. உட்காரத்தான் முடியவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. பத்து மாசம் நான் கேட்ட கையெழுத்துக்கு வக்கீல், டிராயிங், டிசம்பர் என்றாய். அவர்கள் கேட்டது ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. இரண்டு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு யோசித்தேன். உனக்குப் பயம். சுப்புராயனுக்குப் பயம். ஷ்ரவணுக்குப் பயம். நான் முழுகிப்போனதைப் பார்த்தவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? அன்றைக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனதும் பெட்ரோல் வண்டிதானே. நான் என்ன வாதாடினாலும் அதற்குப் பதில் இல்லை. கம்பெனியில் பேட்டரி வராது என்று கையை விரித்துவிட்டார்கள். வண்டியைப் பிரித்து விற்பவனுக்குக் கொடுத்தாயிற்று.

சுப்புராயன் போன வெள்ளிக்கிழமை வந்தார். தீர்மானத்தில் ஐந்து பேர் போட்டிருந்தார்கள். என்னுடையது மட்டும்தான் பாக்கி. அவருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அவசரம் இல்ல சார், உடம்பு சரியானப்புறம்கூடப் போடலாம்" என்றார். உடம்பு சரியாகாது என்று அவருக்கும் தெரியும்.

நான் போடாமல் இருந்திருக்கலாம். ஒருவர் குறைந்தாலும் கிடையாது என்று எழுதியவன் நான்தானே. எனக்குப் பிறகு யாராவது ஒரு பையன் எலக்ட்ரிக் வண்டி வாங்கிக்கொண்டு வந்தால் கதவு திறந்திருக்கும். அதை மூட எனக்கு மனசே இல்லை. போட முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது உன் மன்னி அவருக்குக் காபி கொண்டுவந்தாள். "மாமிக்கு ராத்திரி எந்நேரம் ஆனாலும் ஒரு குரல் கொடுத்தா போதும் சார், நாங்க இருக்கோம்" என்று அவர் சொன்னார். பொய்யில்லை. ஜனவரியில் ஒருநாள் கரண்ட் போனபோது ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது அவரும் ஷ்ரவணும்தான்.

எனக்கு இன்னும் கொஞ்ச நாள். அதற்கப்புறம் அவள் இந்த வீட்டில் தனியாக இருக்கப் போகிறாள். இங்கே இருக்கும் மற்ற நாலு குடும்பமும்தான் துணை. எல்லாரையும் எதிர்த்து நின்றவனின் பெண்டாட்டி என்ற பெயரோடு அவளை விட்டுவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.

பேனாவை வாங்கிப் போட்டுவிட்டேன். கையெழுத்துக் கொஞ்சம் கோணலாக விழுந்தது. பரவாயில்லையா என்று கேட்டேன். பரவாயில்லை சார், செல்லும் என்றார்.

அண்ணா,
ஸ்ரீனிவாசராகவன்